மோதிரம் இல்லாத கையால் வாங்கிய குட்டு: அறிவியல் புனைகதை ரசிகர்கள் எழுதியதும், சக ரசிகர்கள் அதை விமர்சித்ததும்

1938 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸில் அறிவியல் புனைகதைப் பைத்தியம் பிடித்த சிலர் வியாழக்கிழமை சாயங்காலங்களில் கிளிஃப்டன்ஸ் என்ற மலிவு உணவகத்தில் கூடுவது வழக்கம். அவர்கள் 'இமாஜினேஷன்!' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்து, தபாலில் அனுப்பும் பத்திரிகை. அந்த மாத இதழில் பள்ளிக்கூடம் இன்னும் முடிக்காத ஒரு பையனின் கதை வந்தது. தலைப்பைத் தமிழில் 'ஹாலர்போகனின் தர்மசங்கடம்' என்று சொல்லலாம். எதிர்காலத்தை முன்கூட்டியே பார்க்கத் தெரிந்த ஒருவன் தன் சாவையும் பார்த்துவிட்டு அதிலிருந்து தப்பிக்க முயலும் கதை.

படித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை யாரும் மறைக்கவும் இல்லை. அந்தப் பையனுக்கு 17 வயது, பெயர் ரே பிராட்பரி. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். மனம் விட்டுப்போகாமல் அதே வருஷக் கடைசியில் 'ஹாலர்போகன் திரும்பி வருகிறான்' என்று இன்னொரு ரசிகர் பத்திரிகையில் எழுதினான்.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். பிராட்பரியைக் குட்டியவர்களில் யார் கையிலும் மோதிரம் இல்லை. எல்லோரும் அவனைப் போலவே பையன்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். நேற்று விமர்சித்தவன் இன்று கதை எழுதுவான், இன்று எழுதுபவன் நாளை விமர்சிப்பான். அறிவியல் புனைகதையின் ரசிகர் எழுத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அங்கே விமர்சனம் மேலிருந்து வரவில்லை, பக்கத்து பெஞ்சிலிருந்து வந்தது. அதுவேதான் எழுதியதற்குக் கிடைத்த கூலியும்.

அந்த பெஞ்சைப் போட்டுக் கொடுத்தவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக். லக்ஸம்பர்க்கிலிருந்து அமெரிக்கா போய் ரேடியோ பத்திரிகைகள் நடத்தி வந்தவர், 1926 ஏப்ரலில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஜனவரியிலிருந்து அதில் வாசகர் கடிதப் பகுதி வந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டதுதான் விசேஷம். தன் ஊரில் இந்த மாதிரிக் கதை படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, நாலு தெரு தள்ளி இன்னொருவன் இருப்பது தெரியவந்தது. முதலில் பத்திரிகைக்குக் கடிதம், பிறகு ஒருவருக்கொருவர் கடிதம், அப்புறம் சங்கம், சங்கத்துக்கு ஒரு பத்திரிகை. 1930 மே மாதம் வந்த 'தி காமெட்' இந்த வகையில் முதலாவது என்று பெரும்பாலும் சொல்வார்கள். இவற்றுக்கு 'ஃபேன்ஸீன்' என்ற பெயர் 1940இல்தான் வந்தது. வைத்தவர் ரஸ் ஷோவனே என்ற ரசிகர்.

கிளீவ்லாண்டில் ஜெர்ரி சீகல் என்ற பள்ளி மாணவன் வேறு காரணத்துக்காக இதே வேலையில் இறங்கினான். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. சரி, நாமே பத்திரிகை போட்டுவிடலாம் என்று 1932இல் 'சயன்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற பெயரில் ஆரம்பித்தான். மொத்தமே ஐந்து இதழ்கள். மூன்றாவது இதழில், புனைபெயரில், 'சூப்பர்மேனின் ஆட்சி' என்று ஒரு கதை எழுதினான். படம் போட்டது கூடப் படித்த ஜோ ஷஸ்டர். அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. விஞ்ஞானி கொடுத்த மருந்தைச் சாப்பிட்டு, பிறர் மனதைப் படிக்கும் சக்தி பெற்று, உலகத்தை ஆள நினைக்கும் ஒரு தெருவோர வில்லன் அவன். இவனிடம் பிறகு வருவோம்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் இன்று நாம் புரிந்துகொள்வது, ஏற்கெனவே இருக்கும் கதையின் பாத்திரங்களை எடுத்துவைத்து ரசிகர்கள் எழுதுவது. அந்தக் காலத்தில் பொருள் வேறு. ஜாக் ஸ்பியர் என்ற ரசிகர் 1944இல் ரசிகர் உலகத்துக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் தயாரித்தார். அதன்படி ஃபேன் ஃபிக்‌ஷன் என்பது ரசிகர்களைப் பற்றிய கதை. ரசிகன் தன் பத்திரிகையில் எழுதும் சாதாரண அறிவியல் கதையையும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு என்றும், அது சரியான பிரயோகம் இல்லை என்றும் அதில் எழுதினார்.

ரசிகர்களைப் பற்றிய கதையா, அதில் என்ன இருக்கும் என்று தோன்றலாம். 1954இல் பெல்ஃபாஸ்ட்காரர்களான வால்ட் வில்லிஸும் பாப் ஷாவும் எழுதிய 'மாயப் படியெடுப்பான்' என்ற குறுநாவல் நல்ல உதாரணம். நாயகன் பெயர் ஜோஃபன். மந்தமான ஊர் ஒன்றிலிருந்து கிளம்பி, காடு மலையெல்லாம் தாண்டி, உண்மை ரசிகர்கள் வாழும் தேசத்துக்குப் போகிறான். எதற்கு? குறையே இல்லாத பத்திரிகையை அச்சடித்துத் தரும் மாய சைக்ளோஸ்டைல் மெஷினைத் தேடி. ஆன்மாவின் யாத்திரையைச் சொல்லும் பழைய கிறிஸ்தவ உருவகக் கதையின் சட்டையை மாட்டிய பகடி அது. அந்த மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அதன் முழு ருசியும் தெரியும்.

மல்லுக்கட்டுதான். மெழுகுபூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்து தாளில் வெட்டிக்கொண்டு விழும். தப்பு விழுந்தால் நகப்பாலிஷ் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, காயவைத்து, மேலே மறுபடி அடிக்க வேண்டும். அதற்கும் வசதி இல்லாதவர்களுக்கு ஜெலட்டின் பலகை. அதில் ஊதா மையில் ஐம்பது பிரதி எடுப்பதற்குள் எழுத்து மங்கிவிடும். பிறகு பக்கங்களை அடுக்கி, பின் அடித்து, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். நம்மூரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதில்லை.

இத்தனைக்கும் காசு வராது. பெரும்பாலான பத்திரிகைகள் மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்றுக்காக வீட்டுக்கு வரும்: நீங்கள் உங்கள் பத்திரிகையை அனுப்பியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது போன இதழைப் பற்றிக் கருத்துக் கடிதம் போட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அவர்கள் வைத்த சுருக்கப் பெயர் 'லாக்'. நல்ல லாக் என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றையும் தொட்டுப் பேசும்: அட்டைப்படம் கோணல், தலையங்கம் சொதப்பல், இரண்டாவது கதையின் முடிவை மூன்றாவது பக்கத்திலேயே ஊகித்துவிட்டேன், எழுத்துப்பிழை தாங்க முடியவில்லை, அடுத்த இதழ் எப்போது? 'பிரமாதம், தொடருங்கள்' என்று ஒருவரி எழுதிப்போடுபவனுக்கு மரியாதை இல்லை. அவன் பெயர் இதழின் கடைசியில் 'இவர்களும் எழுதியிருந்தார்கள்' என்ற பட்டியலில் போய்விடும்.

தன் பெயரை அச்சில் பார்ப்பதில் வரும் சந்தோஷத்துக்கு 'ஈகோபூ' என்று ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். அகந்தைக்கு ஊட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதுதான் நாணயம். திட்டுகூட ஈகோபூதான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மூன்று பத்தி திட்டியிருக்கிறான் என்றால் மூன்று தடவை படித்திருக்கிறான். யாரும் ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் அங்கே உண்மையான தண்டனை.

இந்த ஏற்பாட்டை விதியாகவே எழுதிவைத்தது 1937இல் டொனால்ட் வோல்ஹைமும் ஜான் மிஷலும் தொடங்கிய 'ஃபாபா' என்ற அமெச்சூர் பத்திரிகைச் சங்கம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, முதலில் 50, பிறகு 65. ஒவ்வொருவரும் தன் பத்திரிகையை எல்லோருக்கும் போதுமான பிரதிகள் அடித்துப் பொறுப்பாளருக்கு அனுப்ப, அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி உறுப்பினர்களுக்கு அனுப்புவார். சீக்கிரமே பல பத்திரிகைகளில் போன கட்டைப் பற்றிய கருத்துகளே பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. கருத்துக்குக் கருத்து, அந்தக் கருத்துக்கு மறுப்பு என்று போய், கடைசியில் மூலக்கதை என்ன என்பதே மறந்துவிடும். வெளியாள் கையில் கிடைத்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இந்தப் பழக்கத்தில் புடம் போட்டவர்கள் தொழில்முறை எழுத்தாளர்களையும் விடவில்லை. அந்தக் காலத்து நட்சத்திர எழுத்தாளர் ஏ. இ. வான் வோட். 1945இல் அவருடைய நாவல் ஒன்றை டேமன் நைட் என்ற இருபத்துச் சொச்சம் வயது ரசிகர் ஒரு ரசிகர் பத்திரிகையில் பிரித்து மேய்ந்தார். கதைப்பின்னல் நிற்கவில்லை, பாத்திரங்கள் தாங்கள் செய்வதற்குக் காரணம் தெரியாமல் செய்கின்றன, நடை தள்ளாடுகிறது என்று இடம் சுட்டிக் காட்டிய கட்டுரை அது. கால் நூற்றாண்டு கழித்து அந்த நாவலைத் திருத்தி வெளியிட்டபோது வான் வோட் அதன் முன்னுரையில் நைட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகைக் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

சரி, இந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சரியாக இருந்தனவா? 'ஹாலர்போகன்' விஷயத்தில் சரி என்றுதான் சொல்வேன். அது மோசமான கதை. பிராட்பரியின் பிற்காலக் கதைகளை நேசிப்பவர்கள் அதைத் தேடிப் படித்து மனம் நோக வேண்டாம். ஆனால் திட்டிய அதே கூட்டம்தான் அவனை விடாமல் எழுத வைத்தது. 1939இல் அவன் சொந்தமாக 'ஃப்யூச்சுரியா ஃபேன்டேஸியா' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது பணம் கொடுத்தவர் ரசிகர் மன்றத்து நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மன். நாலே இதழ்கள். அதில் அவன் பெயர் போடாமல் எழுதிய 'பெண்டுலம்' என்ற சின்னக் கதையை மன்றத்தில் பழகிய ஹென்றி ஹாஸோடு சேர்ந்து திருத்தி எழுத, 1941இல் ஒரு தொழில்முறைப் பத்திரிகை 27.50 டாலருக்கு வாங்கியது. பாதிப்பாதி பங்கு. பிராட்பரியின் முதல் எழுத்துச் சம்பாத்தியம் 13 டாலர் 75 சென்ட்.

அட்லான்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். டக்ளஸ் மேயர் நடத்திய 'அமெச்சூர் சயன்ஸ் ஸ்டோரீஸ்' என்ற ரசிகர் பத்திரிகையில் 1937 டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலுமாக மூன்று கதைகள் எழுதியவர் லண்டனில் அரசாங்கக் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்த ஓர் இளைஞர்: ஆர்தர் சி. கிளார்க். பிறகு 1956இல் கொழும்புக்குக் குடிவந்து, 2008இல் இறக்கும்வரை இலங்கையிலேயே இருந்தாரே, அவர்தான். தொழில்முறைப் பத்திரிகையில் அவர் கதை அச்சாக 1946 ஆகிவிட்டது.

2014இல் லண்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், 1938இல் வெளிவந்த படைப்புகளுக்குப் பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல, இந்த வகை எழுத்துக்கான ஹ்யூகோ விருதுகளைக் கொடுத்தார்கள். சிறுகதைப் பிரிவின் இறுதிப் பட்டியலில் 'ஹாலர்போகன்' இருந்தது! அதுவும் தொழில்முறைப் பத்திரிகையில் வந்து, பல தொகுப்புகளில் இடம்பிடித்த லெஸ்டர் டெல் ரேயின் 'ஹெலன் ஓ'லாய்' கதைக்குப் பக்கத்தில். வென்றது கிளார்க் மேயரின் பத்திரிகையில் எழுதிய 'நாங்கள் செவ்வாய்க்குப் போன கதை'. 2014இல் ஓட்டுப் போட்டவர்கள் ஹாலர்போகனுக்கா ஓட்டுப் போட்டார்கள்? பிராட்பரி என்ற பெயருக்குப் போட்டார்கள். 1938இல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் பெயர். கதையை மட்டும் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

இன்றைய அர்த்தத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் பெருகியது 'ஸ்டார் ட்ரெக்' வந்த பிறகு. விண்கப்பல் ஒன்றின் பயணங்களைச் சொல்லும் அந்தத் தொடர் 1966 செப்டம்பரில் தொலைக்காட்சியில் தொடங்கியது. சரியாக ஒரு வருஷத்தில் டெவ்ரா லாங்ஸமும் ஷெர்னா காமர்ஃபோர்டும் நியூயார்க்கில் 'ஸ்பாக்கனேலியா' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்துவிட்டார்கள். வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தில் பாதி பிறந்த, எதற்கும் தர்க்கம் பார்க்கும் ஸ்பாக் என்ற பாத்திரமாக நடித்த லெனர்ட் நிமோயின் கடிதம் முதல் இதழிலேயே இருந்தது. வல்கன் மொழிக்கு இலக்கண ஆராய்ச்சி, கவிதை, கதை எல்லாம் உண்டு. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பரி, தன் அலுவலகத்தில் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய பத்திரிகை இது என்று கடிதம் எழுதினார். இன்று ஒரு ஸ்டுடியோ வக்கீல் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

மெஷின் பழையது, லாக் பழையது, ஈகோபூவும் பழையது. ஆரம்பித்தவர்களில் பலர் முன்பே அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்தில் இருந்தவர்கள் என்பதால் வழக்கமெல்லாம் அப்படியே வந்தது. மாறியவை இரண்டு. முன்பு பெரும்பாலும் பையன்கள் எழுதினார்கள், இப்போது பெரும்பாலும் பெண்கள். முன்பு சிலர் நூறு பேருக்கு எழுதினார்கள், இப்போது கூட்டம் கூடிவிட்டது. தொடர் 79 பகுதிகளோடு 1969இல் நின்றுபோனது. ஆனால் மறுஒளிபரப்பில் புதிதாக ரசிகர்கள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள்.

1973இல் பாலா ஸ்மித்தும் ஷரன் ஃபெராரோவும் மிச்சிகனில் 'மெனாஜரி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். கைக்கு வந்த ரசிகர் பத்திரிகைகளை எல்லாம் படித்த ஸ்மித்துக்கு ஒன்று புரிந்தது: மறுபடி மறுபடி ஒரே பெண்தான் வருகிறாள். பேர் மாறும், முடி நிறம் மாறும், ஆள் ஒன்று. இதைக் கட்டுரையாகவோ ஒவ்வொரு கதைக்கும் தனி விமர்சனமாகவோ எழுதியிருக்கலாம். அவர் எழுதியது ஒரு பக்கம்கூடத் தேறாத கதை.

படையிலேயே மிக இளைய லெஃப்டினன்ட், வயது பதினைந்தரை, பெயர் மேரி சூ. கப்பலின் கட்டளை அறைக்குள் நுழைந்ததுமே கேப்டன் கிர்க் அவள்மேல் பைத்தியமாகிக் கட்டிலுக்குக் கூப்பிடுகிறார். நான் அப்படிப்பட்ட பெண் இல்லை என்கிறாள். உடனே மதிப்பு கூடி, காபி எடுத்துவரும்வரை கப்பலைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் விட்டுப் போகிறார். நீ ஏன் அந்த நாற்காலியில் இருக்கிறாய் என்று ஸ்பாக் வந்து கேட்க, கேப்டன் சொன்னார் என்கிறாள். அப்பழுக்கற்ற தர்க்கம் என்று அவரும் மயங்குகிறார். எதிரிகள் எல்லோரையும் பிடித்து அடைக்க, தானும் பாதி வல்கன் என்ற ரகசியத்தைச் சொல்லி, கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிறாள். அப்புறம் எல்லோரும் நோயில் விழ, ஒற்றை ஆளாகக் கப்பலை ஓட்டி நோபல் பரிசு உள்ளிட்ட விருதுகளை வாங்குகிறாள். கடைசியில் அவளுக்கும் நோய் வந்து, எல்லோரும் சுற்றி நின்று கதற, செத்துப்போகிறாள். அவள் பிறந்தநாள் அந்தக் கப்பலில் இன்றுவரை விடுமுறை.

நூறு விமர்சனம் செய்ய முடியாததை அந்த ஒரு பக்கம் செய்தது. அதன் பிறகு 'மெனாஜரி'யின் விமர்சனப் பகுதியிலும் மற்ற பத்திரிகைகளிலும் 'இது ஒரு மேரி சூ' என்று சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படவில்லை. விமர்சகர்களிடம் இப்படிப் பெயர்ச்சொற்கள் சேர்ந்துகொண்டே வந்தன. நாயகனை அடித்து நொறுக்கிவிட்டு இன்னொருவர் தேற்றும் கதைக்கு ஒரு பெயர், ஸ்பாக்கைக் கட்டிலுக்குக் கொண்டுபோகவே எழுதப்படும் கதைக்கு ஒரு பெயர். ஒரு இலக்கிய வகைக்குள் கிளைகளைப் பிரித்துப் பெயர் வைத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து பக்கம் அடுக்கியவர்கள்.

70களின் நடுவில் இன்னொன்றும் மாறியது. ஸ்டார் ட்ரெக் ரசிகர் உலகம் பற்றி 1975இல் வந்த ஒரு புத்தகம் கடைகளில் நன்றாகப் போய், புதியவர்கள் குவிந்தார்கள். பத்திரிகைகள் தடித்தன. நூறு பக்கம், இருநூறு பக்கம் என்று அச்சகத்தில் கொடுத்து அடித்தார்கள். லாபம் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்தான், ஆனால் அச்சுச் செலவையாவது எடுக்க வேண்டுமே. விலை ஏறியது. முன்பு கடிதம் போட்டால் வந்த பத்திரிகையை இப்போது முன்பணம் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டும்.

விமர்சனத்தின் குணம் இங்கேதான் மாறியது என்பது என் எண்ணம். லாக் என்பது எழுதியவருக்கு எழுதும் கடிதம். கடிதங்களுக்கென்றே 1977 முதல் மாதாமாதம் வந்த 'இன்டர்ஸ்டாட்' போன்ற பத்திரிகைகளில் வந்த விமர்சனமோ வாங்கப்போகிறவருக்கு எழுதியது. ராத்திரி கண்விழித்துச் சும்மா எழுதிக் கொடுத்தவளை இப்படியா போட்டு அடிப்பது என்று ஒரு கட்சி. என் காசு போயிருக்கிறது, அடுத்தவள் காசாவது தப்பட்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் சண்டை ஓயவே இல்லை. கூலியாக இருந்த விமர்சனம் விலைச்சீட்டாக மாறினால் வேறென்ன நடக்கும்?

மேரி சூவும் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தாள். ரசிகைகளோடு பல வருஷம் பழகி ஆராய்ந்த கமில் பேகன்-ஸ்மித் 1992இல் வந்த தன் நூலில் பதிவு செய்தது இது: இந்த முத்திரைக்குப் பயந்து பலர் தங்கள் கதைகளில் வலுவான பெண் பாத்திரங்களை வைக்கவே தயங்கினார்கள். பெண் புத்திசாலியாக இருந்தால் மேரி சூ, அழகாக இருந்தால் மேரி சூ, நாயகர்களுக்குப் பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெண்களே அதிகம் எழுதிய உலகத்தில் பெண்கள் கதையைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஸ்மித் கேலி செய்தது மோசமான எழுத்தை. வசவாகக் கையாண்டவர்கள் பிடித்துக்கொண்டது பாத்திரத்தின் பாலினத்தை. கிர்க்கும்தான் இளைய வயதிலேயே கேப்டன் ஆனவர், போகிற கிரகத்திலெல்லாம் யாராவது ஒருத்தி மயங்குகிறாள். அவரை யார் என்ன சொன்னார்கள்?

கிளீவ்லாண்ட் பையனிடம் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தேன். வில்லனாக எழுதியவனைச் சீகலும் ஷஸ்டரும் பிறகு நாயகனாக மாற்றினார்கள். சாதாரண நேரத்தில் கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள, பெண்கள் திரும்பிப் பார்க்காத ஆள். சட்டையைக் கழற்றினால் எவராலும் வெல்ல முடியாதவன், உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு அவன்மேல் காதல். சீகலும் கண்ணாடி போட்ட கூச்ச சுபாவப் பையன்தான். 1938இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். அது இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வகை நாயகனுக்குப் பிறகு வைத்த 'கேரி ஸ்டூ' போன்ற கேலிப் பெயர்கள் மேரி சூ அளவுக்கு ஒட்டவே இல்லை.